கை நுழையாத தொட்டி

குளிர்காலத்தில் படுக்கையறை மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹியூமிடிஃபையர், அதாவது ஈரப்பதமூட்டி. வாங்கும்போது நாம் பார்ப்பவை விலை, தோற்றம், சத்தம், எத்தனை மணி நேரம் ஓடும் என்பவை. கழுவ எளிதா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பெரும்பாலும் வருவதே இல்லை. அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். உட்புறம் முழுவதும் கையும் துணியும் எட்டாத ஈரப்பதமூட்டியை, அதன் மற்ற சிறப்புகள் என்னவாக இருந்தாலும், வாங்கக் கூடாது. இது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். கழுவ முடியாத தொட்டிக்கு ஒரு நாடு முழுவதும் குறுக்குவழி தேடியபோது நேர்ந்ததைச் சொன்னால் கடுமை குறையும் என்று நம்புகிறேன். அதற்கு முன், இந்த இயந்திரம் நமக்கு ஏன் தேவைப்படுகிறது, எந்த அளவுக்குத் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

குளிர்ந்த காற்றால் அதிக நீரைத் தாங்க முடியாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் அது 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். மைனஸ் 10 டிகிரியிலோ இரண்டரைக் கிராம்கூட இல்லை. கனடாவின் டொரண்டோ நகரில் ஜனவரிக் காற்று கதவிடுக்குகள் வழியே உள்ளே வருகிறது; வீட்டின் வெப்ப உலையான ஃபர்னஸ் அதைச் சூடாக்குகிறது, ஆனால் ஈரத்தைச் சேர்ப்பதில்லை. மைனஸ் 10 டிகிரியில் முழுதாக ஈரம் நிறைந்திருந்த காற்றேகூட 20 டிகிரிக்கு வந்தவுடன் ஏறத்தாழ 12 சதவீத ஈரப்பதமே கொண்ட வறண்ட காற்றாகிவிடுகிறது. உதடு வெடிக்கிறது, மூக்கில் இரத்தம் கசிகிறது, போர்வையைத் தொட்டால் மின்சாரம் சுள்ளென்று கடிக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 30 முதல் 50 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் போனால் தூசிப்பூச்சியும் பூஞ்சையும் பெருகும். வெளியே கடுங்குளிர் அடிக்கும் நாளில் 30-ஐத் தாண்டினாலே ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கிவிடும். ஆகவே தேவை உண்டு. அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை முதலில் வாங்கி ஒரு வாரம் அறையில் வைத்துப் பார்ப்பவர்களில் சிலருக்கு, இயந்திரமே வேண்டாம் என்பது தெரிந்துவிடும். சோறு வடித்து, ரசம் கொதித்து, நான்கு பேர் குளிக்கும் வீட்டில் ஈரம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும்.

இதன் பலன் எவ்வளவு? இங்கே நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். வறண்ட தோலுக்கும் மூக்குக்கும் இதம் தரும் என்பதில் ஐயமில்லை. வறண்ட காற்றில் இன்ஃப்ளுயென்சா கிருமி கூடுதல் நேரம் பிழைத்திருக்கிறது என்பதற்கும் ஆய்வுச் சான்றுகள் உண்டு. ஆனால் நோய் தீரும் என்று சொல்லி விற்கும்போதுதான் சிக்கல். குழந்தைகளுக்கு வரும் குரூப் என்னும் குரைப்பிருமலுக்கு ஈரக்காற்று கொடுப்பது நூறாண்டுக்கு மேலான மருத்துவ வழக்கம். டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்கள் அவசரப் பிரிவுக்கு வந்த 140 குழந்தைகளிடம் அதை முறையாகச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாக ஈரமூட்டிய காற்றைச் சுவாசித்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம் வீட்டு ஆவி பிடித்தலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இதமாக இருக்கும், சளியின் நாட்களைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. என் வாதத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்து என்றால் ஓரளவு பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளலாம். இதமளிக்கும் பொருளிடம் அந்தப் பொறுமையைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. பலன் இதமளவில் நின்றுவிடுவதால், இந்த இயந்திரம் நுரையீரலுக்குத் தரக்கூடிய தீங்கை ஏறக்குறைய பூச்சியத்தில் வைத்தாக வேண்டும்.

தீங்கு எப்படி வருகிறது? கடைகளில் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பது அல்ட்ராசோனிக் வகை. தொட்டிக்கு அடியில் காசளவு வட்டத்தகடு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அதிர்ந்து, நீரைச் சில மைக்ரான் அளவுள்ள துளிகளாகச் சிதறடிக்கிறது. நாம் காணும் வெண்புகை நீராவி அல்ல. அது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே பிரிந்து போகும். துளியாகச் சிதறும்போதோ நீரில் இருப்பவை அனைத்தும் கூடவே கிளம்பும்: உப்பு, கிருமி, கிருமி செத்த பின் மிஞ்சும் நச்சு, நாம் ஊற்றிய தைலம், எல்லாம். ஒண்டாரியோ ஏரியிலிருந்து வரும் டொரண்டோக் குழாய் நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். 30 கன மீட்டர் படுக்கையறையின் காற்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று வைத்துக்கொண்டு, ஈரப்பதத்தை 20-லிருந்து 40 சதவீதத்துக்கு உயர்த்தி அங்கேயே நிறுத்தக் கணக்கிட்டால், கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் உப்புத்தூசி காற்றில் மிதக்கும் என்று வருகிறது. ஒரு பகுதி தரையிலும் மெத்தையிலும் படிந்துவிடும். கருநிற மேசைமேல் காலையில் காணும் வெள்ளைப் பொடி அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் நுண்துகளுக்கு 2021-இல் விதித்த ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம். சுண்ணாம்புத் தூசியும் வாகனப் புகையும் ஒரே தீமை உடையவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தையின் தலைமாட்டில் வைத்து இரவெல்லாம் ஓட்டும் பொருளுக்கு இந்த எண் கொஞ்சமாவது தயங்க வைக்க வேண்டும்.

உப்பைவிடக் கிருமி முக்கியம். ஈரமான பிளாஸ்டிக்கில் ஓரிரு நாளிலேயே கிருமிகள் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. தொட்டியின் ஓரத்தில் விரல் வைத்தால் வழுக்குமே, சில வேளை இளஞ்சிவப்பாகக்கூட இருக்குமே, அதுதான். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை நீரில் கலந்த மருந்து எளிதில் எட்டுவதில்லை. தேய்த்து உடைத்தால்தான் மருந்துக்கு வழி பிறக்கும். மருத்துவ வரலாறு இதை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. மாசுபட்ட குளிர்சாதன அமைப்பிலிருந்து அலுவலக ஊழியர்களுக்கு ஒவ்வாமை நுரையீரல் அழற்சி வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1970-இல் பதிவு செய்தார்கள். 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் போர்வீரர் மாநாட்டுக்குச் சென்றவர்களைக் கொன்ற நிமோனியாவுக்குக் காரணமான லீஜியோனெல்லா, தண்ணீரில் வளர்ந்து துளியில் ஏறி வரும் கிருமி என்பது பிறகு தெரிந்தது. 1989-இல் லூசியானா மாநிலத்தின் போகலூசா ஊரில் அதே நோய் பரவியபோது, மூலம் எது தெரியுமா? மளிகைக்கடையில் காய்கறி வாடாமல் இருக்கப் பனி தூவிய அல்ட்ராசோனிக் இயந்திரம். 2008 இறுதியில் சைப்ரஸின் ஒரு தனியார் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் அறையில் வைத்த ஈரப்பதமூட்டியில் குழாய்நீர் ஊற்றினார்கள். அங்கிருந்த 32 குழந்தைகளில் 9 பேருக்கு லீஜியோனெல்லா தொற்றியது. 3 பேர் இறந்தார்கள். இவை அரிதான நிகழ்வுகள்தாம், மறுக்கவில்லை. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஈரப்பதமூட்டியை யாருக்காக வாங்குகிறோம்? கைக்குழந்தைக்கு, ஆஸ்துமா உள்ளவருக்கு, முதியவருக்கு.

இனி தென்கொரியா. அங்கே குளிர்காலம் வறண்டது. தரைக்கு அடியிலிருந்து சூடேற்றும் ஒண்டோல் முறை வீடுகளை இன்னும் வறட்டுகிறது. அல்ட்ராசோனிக் ஈரப்பதமூட்டி வீட்டுக்கு வீடு பரவியது. தாய்மார் அதைப் படுக்கைக்கு அருகே வைத்தார்கள். தொட்டியில் கிருமி வளரும் என்ற அச்சமும் நியாயமாகவே பரவியது. அன்றாடம் கழுவ வேண்டும் என்ற அறிவுரையும் இருந்தது. ஒடுங்கிய வாய், மூலைமுடுக்கு, மின்பாகம் நனையக் கூடாத அடிப்பகுதி என்று இருக்கும் பொருளை வேலை முடித்து வந்த பெண் நாள்தோறும் எப்படிக் கழுவுவார்? இந்த இடைவெளியில் 1994-இல் ஒரு புதுச்சரக்கு சந்தைக்கு வந்தது. நீர் ஊற்றும்போது ஒரு மூடி மருந்தைச் சேர்த்தால் போதும், கிருமி வளராது. வேறெந்த நாட்டிலும் அந்த அளவுக்குப் பரவாத பண்டம் அது. பல நிறுவனங்கள் இறங்கின, பெரிய கடைத்தொகுதிகள் தம் பெயரிலேயே தயாரித்து விற்றன. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பிஎச்எம்ஜி என்ற வேதிப்பொருளுக்கு மாறிய ஆக்ஸி நிறுவனத்தின் சரக்கு விற்பனையில் முதலிடம் பிடித்தது. அந்நிறுவனத்தை 2001-இல் பிரிட்டனின் ரெக்கிட் பென்கைசர் வாங்கியது. குழந்தைக்கும் பயமில்லை என்று பொருள்படும் விளம்பர வாசகம் குப்பியின் மேலேயே இருந்தது. 2011 வரை மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு கோடிக் குப்பிகள் விற்றன என்பது பின்னாளைய மதிப்பீடு.

2000-களின் நடுவிலிருந்தே சியோலின் குழந்தை மருத்துவர்கள் ஒரு புதிரைக் கண்டுவந்தார்கள். வசந்தம் வந்தால் சில குழந்தைகள் மூச்சுத்திணறலோடு வருவார்கள். நுரையீரல் வேகமாக இறுகிப்போகும். எந்த வைரஸும் அகப்படாது. 2011 வசந்தத்தில் சியோலின் ஆசான் மருத்துவ மையத்துக்கு அதே நிலையில் கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரும் அடுத்தடுத்து வந்தபோது, நோய்க்கட்டுப்பாட்டு மையம் விசாரணையில் இறங்கியது. நோயுற்றவர் வீட்டையும் நோயுறாதவர் வீட்டையும் ஒப்பிட்டுத் தேடியதில் வேறுபாடு அந்தக் குப்பியில் வந்து நின்றது. ஆகஸ்ட் 31 அன்று மையம் தன் ஐயத்தை அறிவித்தது. விலங்குச் சோதனைக்குப் பின் நவம்பரில் சரக்குகளைத் திரும்பப் பெற ஆணை பிறந்தது. புதிருக்கான விடை எளிமையானது. குளிர்காலம் முழுவதும் சுவாசித்ததன் விளைவு வசந்தத்தில் வெளிப்பட்டது. அடுத்த குளிர்காலத்தில் சரக்கு விற்பனைக்கு இல்லை; அதோடு அந்த நோயும் நின்றது.

எப்படி இது நடக்க முடிந்தது என்பதுதான் நம் தலைப்புக்கு நெருக்கமான பகுதி. பிஎச்எம்ஜி அறியப்படாத விஷம் அல்ல. தோலில் பட்டாலும் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் பெருங்கேடு செய்யாத கிருமிநாசினி என்றுதான் அதற்குப் பெயர். தரைவிரிப்பு போன்றவற்றுக்கான பயன்பாட்டை முன்வைத்துத்தான் அரசு அதை மதிப்பிட்டிருந்தது. மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதிக்கவில்லை. நீரில் கலந்தது அல்ட்ராசோனிக் தகட்டில் பட்டுத் துளியாகி, துளியின் நீர் காய்ந்ததும் மிக நுண்ணிய துகளாகி, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்றது. கழுவும் மருந்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடுதான். கழுவும் மருந்தை அலசி வெளியே கொட்டிவிடுகிறோம். இதை அலசவே வேண்டாம் என்பதுதான் இதன் விற்பனைச் சிறப்பாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசே ஏற்றுக்கொண்டவர்களின் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டிவிட்டது. ஆக்ஸியின் கொரியக் கிளை 2016-இல்தான் முழுமையாக மன்னிப்புக் கேட்டது. அதன் முன்னாள் தலைமை நிர்வாகிக்கு 2017 ஜனவரியில் 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. சரியாக மதிப்பிடாமல் விட்ட அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று சியோல் உயர்நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வீட்டு வேதிப்பொருள்களையும் கிருமிநாசினிகளையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் 2019-லிருந்து நடப்பில் இருக்கிறது.

இது வேதிப்பொருளின் குற்றம், இயந்திரத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றப் பொறுப்பு விற்றவர்களுடையதுதான். அதை வடிவமைப்பின்மேல் ஏற்றித் தப்பவிடுவது என் நோக்கமல்ல. ஆனால் அந்தச் சரக்குக்குச் சந்தை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சோறாக்கும் பானைக்குள் ஒரு மூடி கிருமிநாசினியை ஊற்றிவிட்டுக் கழுவாமல் சமைக்கலாம் என்று யாராவது விற்றால் வாங்குவோமா? மாட்டோம். பானையைக் கழுவ நமக்குத் தெரியும், அரை நிமிடத்தில் கழுவியும் விடலாம். கழுவ முடியாத பொருளில்தான் இப்படிப்பட்ட மருந்து நுழைய இடம் கிடைக்கிறது. கொரியப் பயனாளர்களே இதை நன்கு புரிந்துகொண்டார்கள். பேரழிவுக்குப் பிறகு அங்கே தேடி வாங்கப்பட்டவை இருவகை: தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக வெளியிடும் ஜப்பானிய சோஜிருஷி போன்றவை, எவர்சில்வர் தொட்டியைக் கழற்றி அடுப்பிலேற்றிக் கொதிக்கவைக்கக்கூடிய கேர்பாட் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகள். இரண்டிலும் தொட்டி வாயகன்றது, பாகங்கள் குறைவு.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனை மிக எளிது. பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டிக்குள் விரல்களை மடக்காமல் முழுக்கையும் நுழைகிறதா? அடிமூலை விரலுக்கு எட்டுகிறதா? நீர் போகும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழாய், திறக்க முடியாத அறை ஏதாவது உண்டா? அடிப்பகுதியில் தங்கும் நீரை முழுவதுமாகக் கவிழ்த்துக் கொட்ட முடிகிறதா? எத்தனை துண்டாகக் கழற்ற வேண்டும்? மூன்று நான்கைத் தாண்டினால் ஜனவரி பத்தாம் தேதிக்குமேல் நீங்கள் கழற்றப் போவதில்லை; மனித இயல்பு அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடத்தக்க பாகங்கள் இருந்தால் நல்லது. இணையத்தில் வாங்குவோர் அழகுப் படங்களை விட்டுவிட்டு, பயன்பாட்டுக் கையேட்டின் பராமரிப்புப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். நிறுவனம் உண்மையைச் சொல்லும் பக்கம் அது ஒன்றுதான்.

தொட்டியின் கொள்ளளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே விளம்பரம் நம்மை நேர் எதிர்த்திசையில் இழுக்கிறது. ஒருமுறை நிரப்பினால் 60 மணி நேரம் ஓடும் என்பதைச் சிறப்பாகச் சொல்கிறார்கள். அதன் பொருள், நீர் இரண்டரை நாள் வெதுவெதுப்பான பிளாஸ்டிக் தொட்டியில் தேங்கி நிற்கும் என்பது. நான் முன்பு எடுத்துக்கொண்ட அதே அறைக்குத் திரும்புங்கள். 30 கன மீட்டரில் ஈரப்பதத்தை 20 சதவீதம் உயர்த்தத் தேவையான நீர் 100 கிராமுக்குச் சற்று மேல். காற்று வெளியேறுவதை ஈடுகட்ட எட்டு மணி நேரத்துக்கு இன்னும் 400 கிராம். ஆக மொத்தம் அரை லிட்டர். கதவு திறந்திருந்தால், வீடு பழையதாக இருந்தால், ஒன்றோ ஒன்றரையோ ஆகும். ஆறு லிட்டர்த் தொட்டி படுக்கையறைக்கு எதற்கு? இரவில் நிரப்பினால் காலையில் ஏறக்குறையக் காலியாகும் தொட்டிதான் சரியான அளவு. மிச்சத்தைக் கொட்ட மனம் வராதவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

எந்த வகை என்ற கேள்விக்கு என் சாய்வை மறைக்கப் போவதில்லை. சிறு குழந்தை நடமாடாத வீட்டுக்குக் கொதிக்கவைக்கும் வகையே சிறந்தது. கொதிநீரில் கிருமி பிழைப்பதில்லை. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தைப் போட்டு ஒருமுறை கொதிக்கவிட்டால் அதுவும் போய்விடும். தவழும் குழந்தை இருந்தால் இது ஆகாது, கவிழ்ந்தால் கொப்புளம்தான். அங்கே திரியோ வட்டத்தகடுகளோ நீரில் நனைய, மின்விசிறி காற்றை அதன் ஊடே செலுத்தும் ஆவியாக்கும் வகை நல்லது. அது நீரை மட்டும் அனுப்புகிறது. காற்றில் ஈரம் ஏற ஏறத் தானே வேகம் குறைந்துவிடும். அல்ட்ராசோனிக் அப்படிக் குறையாது, தரை நனையும்வரை தூவிக்கொண்டே இருக்கும். ஆவியாக்கும் வகையின் குறை, திரி சுண்ணாம்பேறி விறைத்துப்போவது. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றுத்திரி மூன்று ஆண்டு கழித்தும் கிடைக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். திரியே இல்லாமல் தட்டுகள் சுழலும் ஜெர்மானிய வென்டா போன்றவை விலை அதிகம்.

கொதிக்கவைத்தால் மின்கட்டணம் எகிறுமே என்பது உடனே வரும் எதிர்ப்பு. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 0.7 யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். அல்ட்ராசோனிக் முப்பது வாட்டில் முடித்துவிடும். ஆனால் நீர் ஆவியாக வேண்டிய வெப்பத்தை இயற்கை யாருக்கும் தள்ளுபடி செய்வதில்லை. அல்ட்ராசோனிக் துளியும் நனைந்த திரியும் அந்த வெப்பத்தை அறையின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அறை குளிர்கிறது, ஃபர்னஸ் ஈடுகட்டுகிறது. மின்சாரத்தைவிட எரிவாயு மலிவு என்பதால் கொதிக்கவைப்பது கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஓர் இரவுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் என்ற கணக்கில் அது அச்சப்படும் தொகை அல்ல. அல்ட்ராசோனிக்குக்காக வாரந்தோறும் வாலை வடிநீர் வாங்குவோர் அந்தச் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். வடிநீர் உப்புத்தூசியைத் தீர்க்கும், கிருமியைத் தீர்க்காது. அதில் குளோரின் எச்சமும் கிடையாது என்பதால் தொட்டியை இன்னும் ஒழுங்காகக் கழுவ வேண்டியிருக்கும்.

புற ஊதா விளக்கு, வெள்ளி அயனிக் குச்சி, தானே தூய்மையாகும் தொழில்நுட்பம் என்று எழுதியிருக்கும் பெட்டிகளைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. விளக்கொளி படும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். படலத்தின் அடியிலும் மூலையிலும் ஒளி படாது. வெள்ளியோ வேறொன்றோ, நீரிலே கரைந்து காற்றிலே கிளம்பும் எதையும் படுக்கையறையில் சேர்க்க 2011-க்குப் பிறகு நல்ல காரணம் வேண்டும். நீலகிரித் தைலத்துக்கும் பச்சைக் கற்பூரத்துக்கும் இதே பதில். வாசனைக்கெனத் தனித்தட்டு இல்லாத இயந்திரத்தின் தொட்டியில் எண்ணெய் ஊற்றினால் பிளாஸ்டிக்கும் கெடும், கழுவுவதும் இரட்டிப்பு வேலையாகும்.

பராமரிப்பு முறையில் மர்மம் ஏதும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான். நாள்தோறும் மின்னிணைப்பைப் பிடுங்கி, பழைய நீரைக் கொட்டி, உட்புறத்தைத் துடைத்து, புது நீர் ஊற்ற வேண்டும். பழைய நீரின்மேல் புது நீரை ஊற்றி நிரப்பும் பழக்கமே கேடுகளில் பாதியைக் கொண்டுவருகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை முழுக்கழுவல். முதலில் சுண்ணாம்பு: வெள்ளை வினிகரையோ சிட்ரிக் அமிலக் கரைசலையோ அரைமணி ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து அலச வேண்டும். அதிரும் தகட்டைக் கத்தியாலோ கம்பிநாராலோ சுரண்டக் கூடாது. சுண்ணாம்பு போன பிறகு கிருமிநாசினி: மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாக அலசிக் கொட்ட வேண்டும். பிளீச்சிங் நீர் பயன்படுத்தச் சொல்லும் கையேடுகளும் உண்டு. வாடை முற்றிலும் போகும்வரை அலச வேண்டும். வினிகரும் பிளீச்சிங் நீரும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். தேய்ப்பது முதலில், மருந்து பிறகு, அலசல் கடைசியில் என்ற வரிசை மாறக் கூடாது. மின்பாகம் உள்ள அடிப்பகுதியைக் குழாயின் கீழே பிடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கு என் பதில், அப்படியானால் இயந்திரத்தை ஓட்டாதீர்கள் என்பதுதான். அழுக்கான ஈரப்பதமூட்டியைவிட வறண்ட காற்று மேல். அவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: துவைத்த துணியை ட்ரையரில் போடாமல் படுக்கையறையில் கொடிகட்டி உலர்த்துவது. ஒரு துவையலின் ஈரத்துணி ஒன்றிரண்டு லிட்டர் நீரை வெறும் ஆவியாகவே விடும். தொட்டி இல்லை, படலம் இல்லை, கழுவும் வேலை துவைப்பிலேயே முடிந்துவிட்டது. பகட்டில்லாத யோசனை என்பதால் யாரும் விற்பதில்லை. ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும், 50-ஐத் தாண்டினால் ஜன்னலைச் சற்றுத் திறக்க வேண்டும்.

கனடாவில் சொந்த வீடு வாங்கியவர்கள் பலருக்கு இன்னொரு ஈரப்பதமூட்டியும் இருக்கிறது; இருப்பது தெரியாமலேயே இருக்கிறது. அடித்தளத்தில் ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டி. பழைய வீடுகளில் அது பஞ்சு உருளை தேங்கிய நீரில் சுழலும் வகையாக இருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்தால் பச்சையும் கறுப்புமாகப் பாசி தெரியும். அந்தக் காற்றுதான் எல்லா அறைக்கும் போகிறது. அதைக் கழற்றிவிட்டு, நீர் ஓடி வடிந்துபோகும் வகைக்கு மாறுவது நல்லது. அதிலும் நீர்த்தட்டி ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். கோடையில் நீர்க்குழாயையும் காற்றுத்தடுப்பையும் மூடிவைக்க வேண்டும்.

சென்னையிலும் மதுரையிலும் ஏசி அறைக்கென்று இதே இயந்திரங்களை, வண்ண விளக்கோடு, விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். சென்னையின் கடற்காற்றை ஏசி உலர்த்திய பிறகும் பெரும்பாலும் 50 சதவீத அளவில் ஈரம் எஞ்சியிருக்கும். அங்கே இது வெறும் அலங்காரம், கூடவே ஒரு கிருமித்தொட்டி. தமிழ்நாட்டில் காற்றில் ஈரமூட்டுவது உண்மையிலேயே தேவைப்படும் இடம் கோவையின் நூற்பாலை. காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும். அங்கே ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டைச் சுத்தம் செய்வது ஆலை வேலைகளில் ஒன்றாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, பருவம் முடியும்போது. ஏப்ரலில் கடைசிமுறை ஓட்டியதும் சுண்ணாம்பு நீக்கிக் கழுவி, எல்லாத் துண்டுகளையும் பிரித்தபடியே இரண்டு நாள் உலரவிட்டு, திரியைத் தூக்கி எறிந்து, பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கி ஈரத்தோடு அலமாரியில் ஏற்றியது நவம்பரில் பூஞ்சையோடு இறங்கும். நவம்பரில் எடுத்ததும், உலர்ந்திருந்தாலும், ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். பழைய பொருள் விற்பனையில் ஐந்து டாலருக்குக் கிடைக்கும் அல்ட்ராசோனிக்கை வாங்காதீர்கள். உள்ளே எது எத்தனை ஆண்டு தேங்கி நின்றது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாயகன்ற எவர்சில்வர்த் தொட்டி உள்ளதாக இருந்து, மின்பாகமும் நல்ல நிலையில் இருந்தால், தொட்டியை அடுப்பிலேற்றிக் கொதிக்கவைத்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.